கர்ச்சீப் ஒட்டிய கான்வாஸ்

அக்ரிலிக் பெயின்ட் சீக்கிரம் காயும் என்பதைக் கடைக்காரர் ஏதோ வரம் போலச் சொல்லி விற்றார். எங்கள் ஊர் ரயிலில் ஒரு நாள் தீட்டிப் பார்த்திருந்தால் அவர் வாயில் வேறு வார்த்தை வந்திருக்கும்.

விடியற்காலை மாரிக்குப்பத்தில் ஏறி, பெங்களூரில் ஆபீஸ் முடித்து, இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவள் நான். பிரஷ் பிடிக்க எனக்குக் கிடைப்பது அந்த ரயில் நேரம் மட்டும்தான். ஆயில் பெயின்ட் நாள்கணக்கில் காயாது. பெட்டியில் உள்ள அத்தனை பேர் சட்டையிலும் படம் ஏறிவிடும். அதனால்தான் அக்ரிலிக். ஆனால் ஜன்னல் காற்றில், தட்டில் பிதுக்கிய நிறம் பங்காரப்பேட்டை வருவதற்குள் தோல் கட்டிவிடும். ஸ்ப்ரே பாட்டிலால் தண்ணீர் அடித்து ஈரம் காப்பாற்றப் பார்த்தால், "இன்னாம்மா, எங்களுக்குக் கொசு மருந்தா?" என்று பக்கத்து ஸீட்டிலிருந்து குரல் வரும். ஈரத்தில் பார்த்துப் பார்த்துக் கலந்த பழுப்பு, காய்ந்ததும் ஒரு படி கறுத்துப்போகும். மறுபடி கலக்க வேண்டும். மறுபடி காயும்.

நான் வரைந்துகொண்டிருந்தது எங்கள் பெட்டியின் ரம்மி கோஷ்டியை. நான்கு பேர். எதிரெதிரே உட்கார்ந்து, முழங்கால்கள் மேல் ஒரு துண்டை விரித்து, தினமும் ஒயிட்ஃபீல்டு வரை ஆடுவார்கள். பெங்களூரில் புதிய ஓவியர்களுக்கான கண்காட்சி ஒன்றுக்காக. படம் கொடுக்கக் கடைசி நேரம், இது நடந்த அன்று காலை பத்து மணி. நான் இதுவரை எதற்கும் படம் கொடுத்ததில்லை.

மாரிக்குப்பத்தில் வண்டி காலியாக நிற்கும்போதே உட்கார்ந்து, படத்தின் நடுவில் இருந்த கைகளுக்கும் சீட்டுகளுக்கும் கனமாக நிறம் ஏற்றினேன். வழியாமல் இருக்கக் கான்வாஸை எதிர் ஸீட்டில் படுக்கவைத்தேன். இந்த ஊரில் பிறந்த யாரும் செய்யாத தப்பு அது. கோரமண்டலில் வண்டி நிற்பதற்குள் ஜன்னல் கம்பிக்குள் ஒரு கை நுழைந்தது. ஸீட் பிடிக்க ஒரு நீலக் கர்ச்சீப் விழுந்தது, நேராகப் படத்திலிருந்த சீட்டுகள் மேல்.

"அண்ணா! எடுங்க, எடுங்க!"

"கர்ச்சீப் போட்டாச்சு, யாரும் உக்காராதீங்க!" என்று பதில் வந்தது. ரம்மி கோஷ்டியில் ஒருவர்தான். செக்யூரிட்டி வேலைக்குப் போகிறவர். கதவு நெரிசலைத் தாண்டி அவர் உள்ளே வருவதற்குள் நான் துணியின் ஒரு முனையைத் தூக்கிப் பார்த்தேன். பாதி காய்ந்த பெயின்ட் பசைமாதிரி பிடித்துக்கொண்டது.

"இன்னாம்மா இது, ஸீட்டுக்குக்கூட டிக்கெட் எடுத்துட்டியா?" என்று சிரித்தபடி வந்தவர், படத்தைப் பார்த்ததும் அடங்கினார். பிறகு உதவி செய்கிறேன் என்று குடிக்கிற தண்ணீரை அதன் மேல் ஊற்றினார். ஈரமாக இருக்கும்போது அக்ரிலிக் தண்ணீரில் கரையும். முழுக்கக் காய்ந்துவிட்டால் அசையாது. இரண்டுக்கும் நடுவில் இருந்தால் பாலாடைமாதிரி உரிந்து வரும். உரிந்து வந்தது. மூன்று கைகளும் சீட்டுக்கட்டும் கர்ச்சீப்போடு போயின.

அதற்குள் கோஷ்டியின் மற்ற மூவரும் வந்து சேர்ந்திருந்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. "உக்காருங்க, நாலு பேரும் உக்காந்து ஆடுங்க. நான் திரும்பப் போடணும்."

உட்கார்ந்தார்கள். குற்ற உணர்ச்சியில் போட்டோவுக்கு நிற்பதுபோல முதுகை நிமிர்த்தி, சீட்டை நெஞ்சோடு வைத்து, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு.

"ஆடுங்கண்ணா!"

"நீ வரைம்மா. நாங்க அசையமாட்டோம்."

"அசையணும்! நீங்க ஆடுனாத்தான் கை கையா இருக்கும்!"

"அசைஞ்சா தப்பாயிடுமே?" என்றார் கண்ணாடி போட்ட அங்கிள், உதட்டைக்கூட அசைக்காமல். மாலூர் வரை நான்கு மரப்பொம்மைகள். வரைந்தேன், துடைத்தேன், காய்ந்தது, அதன் மேலேயே வரைந்தேன்.

கடைசியில் செக்யூரிட்டி அண்ணனால் தாங்க முடியவில்லை. ரகசியமாக ஒரு சீட்டை எடுத்தார்.

"யோவ், அது என் முறைய்யா!" என்று அங்கிள் பாய்ந்தார்.

"நீதான் தூங்கிக்கினு இருந்தியே."

"போஸ் குடுத்துக்கினு இருந்தேன்யா!"

விரல்கள் நீண்டன, சீட்டுகள் சரிந்தன, ஒரு கை இன்னொரு கையைத் தட்டிவிட்டது. நான் தண்ணீர் அடிக்கவும் மறந்து, நிறம் தோல் கட்டுவதற்குள் ஒவ்வொரு கையையும் ஒரே தடவையில் போட்டேன். திருத்த நேரமே இல்லை. ஒயிட்ஃபீல்டு தாண்டியபோது முடிந்திருந்தது. கன்டோன்மென்ட்டில் இறங்கி ஆட்டோ பிடித்து, பத்துக்குச் சில நிமிடங்கள் இருக்கும்போது மேஜையில் வைத்தேன். அங்கிருந்த பெண் ஓரத்தை விரலால் தொட்டுப் பார்த்து, காய்ந்திருப்பதை உறுதி செய்துகொண்டு வாங்கி வைத்தாள்.

சாயங்கால வண்டியில் நால்வரும் எனக்காக ஸீட் பிடித்து வைத்திருந்தார்கள்.

"எடுத்துக்கினாங்களா?" என்றார் செக்யூரிட்டி அண்ணன்.

"வாங்கிக்கிட்டாங்கண்ணா. தேர்வு பண்ணி அப்புறமா சொல்வாங்க."

"இன்னாது, இன்னும் தேர்வு வேறயா?" அங்கிள் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப காலைல நாங்க சண்டை போட்டது பத்தாதா?"