ஆட்டம் நின்ற மத்தியானம்

என் மனைவி இறந்துபோனபோது மகளுக்கு நாலு வயது. மைசூரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் நான் கணக்கு வாத்தியார். தலை பின்னவும், சாற்றமுது வைக்கவும், பாவாடைக்கு நாடா கோக்கவும் கற்றுக்கொண்டுவிட்டேன். ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் பயம். மேல்கோட்டையிலிருந்து வரும்போதெல்லாம் என் தமக்கை அந்தப் பயத்தைக் கிளறிவிட்டுப் போவாள்.

"நாளைக்கே அவ பெரியவளாயிட்டா நீ என்னடா பண்ணுவே? பேசாம என்னோட அனுப்பிடு."

"பாக்கலாம்க்கா" என்று சொல்லிச் சொல்லியே வருஷங்களை ஓட்டினேன்.

கல்லூரி நாளில் நான் பூப்பந்தாட்டம் ஆடியவன் என்று தலைமையாசிரியைக்கு எப்படியோ தெரிந்துபோயிற்று. பெண்கள் அணியை என் தலையில் கட்டிவிட்டார். கம்பளி நூல் பந்து, பக்கத்துக்கு ஐந்து பேர். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஆடுவார்கள். ஆரம்பத்தில் பந்தைவிட ஒருவரையொருவர்தான் அதிகம் அடித்துக்கொண்டார்கள். நான் கத்தினால் சிரிப்பார்கள்.

அணியில் என் மகளும் இருந்தாள். "கோவம் வந்தா உங்க மூக்கு மட்டும் செவக்கறதுப்பா. அதைப் பாத்துதான் சிரிக்கறா" என்று வீட்டில் எனக்கு விளக்கம் சொன்னாள்.

தசரா சமயத்துப் போட்டிகளில் எப்படியோ அரையிறுதிக்கு வந்துவிட்டோம். எதிரே பெங்களூர்ப் பெண்கள், எல்லார் காலிலும் வெள்ளைக் கான்வாஸ் ஷூ. எங்கள் பெண்கள் வெறுங்காலோடு ஆடி, பின்தங்கி, மெல்ல மெல்ல எட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அப்போது என் மகளுக்கு முன்னால் ஒரு பந்து சும்மா விழுந்தது. அவள் கையைக்கூட நீட்டவில்லை.

"என்ன மரமாட்டம் நிக்கறே?" என்று கத்தினேன்.

அவள் என்னைப் பார்த்தாள். அழவில்லை, ஆனால் முகம் வெளுத்திருந்தது. அணித்தலைவி அவளிடம் போய் என்னவோ கேட்டாள். அடுத்த நிமிஷம் நாலு பேரும் அவளைச் சுற்றி நெருக்கிக்கொண்டு, ஒரே உருவமாக மைதானத்தை விட்டு நடந்தார்கள். நடுவர் விசில் ஊதியதை யாரும் சட்டை செய்யவில்லை. கால் முறிந்துவிட்டது என்றே நினைத்து ஓடினேன்.

"பரபேடி, மேஷ்ட்ரே! அல்லே நில்லி!" என்று அணித்தலைவி கன்னடத்தில் கத்தி, கிட்டே வராதபடி கையை நீட்டி என்னை மறித்தாள்.

நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து, ஆட்டம் பார்க்க வந்திருந்த தலைமையாசிரியை என்னிடம் வந்தார். "பயப்படாதீங்க, உங்க பொண்ணு பெரியவளாயிட்டா. பெங்களூர் டீச்சரம்மாவே பெட்டியிலேருந்து புடவை எடுத்துக் கொடுத்தாங்க. நான் வீட்டில் கொண்டுபோய் விடறேன்."

அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருஷம் நான் நடுங்கிய காரியம் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டே முடிந்துபோயிருந்தது.

வெளியேறியதற்காக எங்களைத் தோற்றவர்களாக அறிவிக்க நடுவர் கிளம்பினார். பெங்களூர் டீச்சரம்மா விடவில்லை. மாற்று ஆட்டக்காரியோடு ஆட்டம் தொடர்ந்தது. தோற்றுத்தான் போனோம்.

அக்ரஹாரத்து வீட்டுக்கு வந்தால் வாசலில் கோலம். அணித்தலைவியின் அம்மாவும் இன்னும் சில தாய்மார்களும் உள்ளே ஆரத்தி கரைத்துக்கொண்டிருந்தார்கள். மகள் மூலையில் எள்ளுருண்டையும் கையுமாக உட்கார்ந்திருந்தாள்.

"ஜெயிச்சோமாப்பா?"

"தோத்துட்டோம்."

"நான் இருந்திருந்தா?"

"இன்னும் மோசமாத் தோத்திருப்போம்."

அவள் சிரித்தபோதுதான் எனக்கு மூச்சு ஒழுங்காக வந்தது.

தந்தி கிடைத்துத் தமக்கை மறுநாளே வந்தாள். சாயங்காலம் அணி முழுவதும் மகளைப் பார்க்க வந்து கூடத்தில் உட்கார்ந்துகொண்டது.

"இனிமே ஆம்பிளைகள் பாக்கற எடத்துல என்னடி ஆட்டம்?" என்றாள் தமக்கை.

"அங்கே ஆம்பிளைன்னா எங்க மேஷ்ட்ருதான். ஆட்டம் சூடு பிடிச்சா அவரும் கண்ணை மூடிக்குவார்" என்று அணித்தலைவி கன்னடத்தில் சொன்னாள். தமக்கை சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

ஒரு வாரம் இருந்தாள். எனக்கு உளுந்தங்களி கிண்டக் கற்றுக்கொடுத்தாள். மகளைக் கூட்டிப்போகிற பேச்சை எடுக்கவே இல்லை. பஸ் ஏறும்போது, "கட்டி தட்டாமக் கிண்டு. நல்லெண்ணெய் தாராளமா விடு" என்று மட்டும் சொன்னாள்.

திரும்பும் வழியில் எண்ணெய் வாங்கினேன். கடைக்காரர் என் முகத்தைப் பார்த்து, வீட்டில் ஏதாவது விசேஷமா என்று கேட்டார்.

ஆமாம் என்றேன்.