நேராக நின்ற மோட்டார் சைக்கிள்

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு சனிக்கிழமை மாலை. தம்பின் என்ற ஊர்ப் பக்கம், எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றின் ஓரத்தில் எங்கள் வீடு. நட்சத்திரம் பார்க்க வேண்டும் என்று பல நாள் ஆசைப்பட்டு ஒரு தொலைநோக்கி வாங்கியிருந்தேன். வெளிச்சம் இருக்கும்போதே தூரத்துப் பொருள் ஒன்றைப் பார்த்து, தொலைநோக்கியின் மேல் இலக்கைத் தேடுவதற்காக இருக்கும் சிறிய குறிநோக்கியையும் அதே பொருளுக்குச் சரிசெய்துவிட வேண்டும் என்று கூட வந்த கையேட்டில் போட்டிருந்தது. எதிர்க் குன்றின் உச்சியிலுள்ள தண்ணீர்த் தொட்டியைப் பிடித்தேன்.

நான் வாங்கிய வகையில் எல்லாம் தலைகீழாகத்தான் தெரியும். தொட்டி தொங்கியது, செம்பனைகள் மட்டையைக் கீழே விரித்திருந்தன. தொட்டிக்கு இடப்பக்கம் மண்சாலை ஓரத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் மட்டும், சக்கரம் கீழே இருக்க, நேராக நின்றது. யாரோ நிறுத்திவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று நினைத்துக் குறிநோக்கியின் திருகுகளோடு மல்லுக்கட்டினேன். பத்து நிமிடம் போயிருக்கும்.

மறுபடி பார்த்தபோதுதான் அது மட்டும் நேராக நிற்பது கண்ணை உறுத்தியது. கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"நல்லாத்தானே லா நிக்குது?" என்றார்.

"ஏங்க, எல்லாமே தலைகீழா தெரியுது. அப்போ அந்த மோட்டாருதான் கவுந்து கிடக்கு."

அவர் உடனே எங்கள் வண்டிச் சாவியை எடுத்தார். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. குன்றேறி இடப்பக்கம் திரும்பினோம். சாலை முடியும்வரை போயும் ஒன்றுமில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்தக் கருவி இடம் வலத்தையும் மாற்றிக் காட்டும் என்பது அப்புறம்தான் உறைத்தது. வண்டியைத் திருப்பச் சொன்னேன்.

தொட்டிக்கு வலப்பக்கம், சாலையோர வடிகாலில் அந்த மோட்டார் மல்லாந்து கிடந்தது. அடியில் செம்பனைக் குலை வெட்டும் தொழிலாளி ஒருவர், ஐம்பது வயதிருக்கும். தொடை மாட்டியிருந்தது. மழைத் தண்ணீர் தாடைவரை ஏறியிருக்க, கழுத்தை எக்கி மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். நான் இறங்கி அவர் தலையைத் தூக்கிப் பிடித்தேன். கணவர் மோட்டாரைப் புரட்டப் பார்த்தார். இரண்டு முறை கை வழுக்கியது. தண்ணீர் அந்தத் தொழிலாளியின் உதட்டைத் தொட்டது. மூன்றாம் முறைதான் அசைந்தது.

கால் எலும்பு முறிவோடு பிழைத்தார். மருத்துவமனைக்குப் பார்க்கப் போனோம்.

"எப்படிம்மா தெரிஞ்சிச்சி? நான் கத்துனது யாருக்குமே கேக்கல" என்றார்.

தொலைநோக்கியைப் பற்றிச் சொன்னேன். அந்தப் பத்து நிமிடத்தைச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை. அவர் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டபோது கூசிப்போய் நின்றேன். ஓர் உயிரைக் காப்பாற்றியவள் என்று இன்றும் என்னைச் சொல்கிறார்கள். ஒரு மனிதர் உயிருக்குப் போராடிய இடத்தை நேராகப் பார்த்தும் என் வேலையே பெரிதென்று இருந்தவள் என்பது எனக்கல்லவா தெரியும்.