ஷெட்டில் நின்ற வண்டிக்கு நான் சொன்ன விலை

வங்கியில் நகைக்கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவள் நான். வேலை பார்த்த காலமெல்லாம் பொருளுக்கு விலை சொல்கிறவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மதிப்பீட்டாளர் உரைகல்லில் ஓர் இழுப்பு இழுப்பார், தராசில் வைப்பார், அன்றைய விலையால் பெருக்குவார், முடிந்தது. "இது எங்கம்மா போட்டிருந்தது" என்று கண்ணைக் கசக்குகிறவர்களிடம், அம்மா போட்டதுக்கெல்லாம் தனி ரேட் கிடையாது என்று நானே சொல்லியிருக்கிறேன். அந்த வாய்க்குத்தான் கடைசியில் இப்படி ஒரு சோதனை வந்தது.

காரைக்குடியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் தகர ஷெட்டில் ஒரு கார் நின்றது. ஜப்பான் வண்டி, இரண்டே கதவு, தரையோடு தரையாகக் கிடக்கும். மலேசியாவில் ஒரு வண்டிப் பட்டறையில் வேலை பார்த்தபோது என் கணவர் வாங்கியது. கம்பெனி செய்து அனுப்பிய வண்டியை ஜப்பானில் ஒரு சின்னப் பட்டறைக்காரர்கள் பிரித்துப் போட்டு, எஞ்சின், புகைக்குழாய், சக்கரம் எல்லாவற்றையும் தங்கள் கையால் மாற்றி மறுபடி பூட்டியிருந்தார்கள். அவர்கள் அப்படிச் செய்த வண்டிகளை விரல் விட்டு எண்ணிவிடலாமாம். ஊர் திரும்புகிறவர்கள் டிவி, கம்பளி, தைலம் என்று கொண்டுவருவார்கள். இந்த மனுஷன் இதைக் கப்பலேற்றினார். சுங்கம் கட்ட என் நகை போயிற்று. எங்கள் வங்கியில் வைக்க வெட்கப்பட்டு வேறு வங்கியில் வைத்தேன், மீட்க முடியாமல் ஏலத்துக்குப் போய்விட்டது.

அதற்கு அவர் செய்த பரிகாரத்தையும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் பெண்ணுக்குக் கொடுக்கிற சீர்ப் பாத்திரம் ஒவ்வொன்றிலும் அவள் தகப்பனார் பெயரின் முதலெழுத்தையும் அவள் பெயரின் முதலெழுத்தையும் வெட்டிக் கொடுப்பார்கள். கரண்டியைக்கூட விடுவதில்லை. நாளைக்கு யார் பாகம் பிரித்தாலும் பெயர் வெட்டிய சாமானில் கைவைக்க முடியாது. வண்டி வந்த மறுவாரம் பாத்திரக்கடையில் பெயர் வெட்டுகிறவரைக் கூட்டிவந்து, வண்டியின் முன்மூடியைத் தூக்கி, எஞ்சினுக்கு மேலே குறுக்காகப் போகும் அலுமினியப் பட்டையில் என் எழுத்துகளைப் புள்ளி புள்ளியாக வெட்ட வைத்துவிட்டார். எனக்கு வந்ததே கோபம். வண்டி என்ன குத்துவிளக்கா, ஊரே சிரிக்காதா என்று கத்தினேன்.

"உன் நகையில வந்த வண்டி. உன் பேருதான் இருக்கணும்" என்றார். அவ்வளவுதான். வீட்டுக்குள் அதிகம் பேசுகிறவர் இல்லை.

வண்டிக்குள் மட்டும் பேசுவார். ஞாயிற்றுக்கிழமை காலையில் குன்றக்குடி வரை போய்வருவோம். இருக்கையா அது, முதுகை முறத்தில் வைத்துக் கட்டியதுபோல இருக்கும். ஒவ்வொரு வேகத்தடையிலும் அடிவயிறு உரசி, அவர் 'ச்சு' கொட்டுவார். சத்தம் இருக்கிறதே, பக்கத்து வீட்டுக்காரர் கேட்டைத் திறந்து பார்த்து முறைப்பார். இந்தச் சத்தம் எதனால், அந்தச் சத்தம் எதனால் என்று மலையடிவாரம் போகும்வரை சொல்லிக்கொண்டே வருவார். எனக்கு ஒன்றும் புரியாது, உம் கொட்டுவேன். அவர் கண்ணை மூடியபிறகு வண்டிக்கு உறை போட்டேன். மகள் கனடாவில். ஞாயிறு தோறும் திரையில் முகம் காட்டுவாள்.

துருப்பிடித்து வீணாய்ப் போகும், விற்றுவிடு என்று மகள்தான் ஆரம்பித்தாள். சென்னையில் இருக்கும் நாத்தனார் மகன் படம் எடுத்து, விலை இருபத்தைந்து லட்சம் என்று போட்டு, என் நம்பரோடு நெட்டில் ஏற்றினான். எனக்குத் தலை சுற்றியது. அந்தப் பழைய தகரத்துக்கா? தலைவலி ஒழிந்தால் சரி என்று நினைத்தேன், நிஜமாகவே நினைத்தேன்.

முதலில் வந்தவர் மதுரைக்காரர், சாப்ட்வேரில் வேலையாம். ஒரு மணி நேரம் வண்டிக்கு அடியிலேயே படுத்துக் கிடந்தார். பிறகு பேட்டரி மாற்றி ஸ்டார்ட் செய்தார். அந்தச் சத்தம் வந்ததும் அடுப்படியில் இருந்த நான் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டேன், வழக்கம்போலத் திட்டுவதற்கு. யாரைத் திட்டுவது? பக்கத்து வீட்டுக் கேட் திறந்தது, அவர் முறைக்கவில்லை, பார்த்துக்கொண்டு நின்றார். மதுரைக்காரர் சாப்பிட்டுவிட்டு, காப்பி குடித்து, இன்னொரு காப்பியும் குடித்து, என் கணவர் இந்த வண்டியை எப்படிப் பிடித்தார் என்றெல்லாம் கேட்டார். சொல்லச் சொல்லத் தொண்டை கமறியது. முதலில் துக்கம் என்று நினைத்தேன். அப்புறம் யோசித்தால், பால்காரரிடம் இரண்டு வார்த்தை பேசியதைத் தவிர அந்த வாரம் முழுக்க நான் வாயே திறக்கவில்லை.

எழும்போது அந்தப் பட்டையைக் காட்டி, இதை யாரோ குத்திக் கெடுத்துவிட்டார்கள், இருபத்திரண்டு என்றால் இன்றைக்கே முடித்துக்கொள்ளலாம் என்றார். கொடுத்திருக்கலாம். "முப்பதுக்குக் குறைச்சுத் தாரதா இல்ல" என்று என் வாய் சொல்லிற்று. அவர் முகம் தொங்கிவிட்டது. போனபிறகு நாத்தனார் மகனைக் கூப்பிட்டு விலையை மாற்றச் சொன்னேன். அத்தைக்கு வியாபாரம் வந்துவிட்டது என்று சிரித்தான்.

வியாபாரமாவது மண்ணாவது. வண்டி விற்றுப்போனால் யார் வருவார்கள் என்பதுதான் என் கணக்கு. விலையை ஏற்றி வைத்தால் வாங்க மாட்டார்கள், ஆனால் பார்க்க வருவார்கள். கொச்சியிலிருந்து வந்தார்கள், பெங்களூரிலிருந்து வந்தார்கள், புதுச்சேரியிலிருந்து ஒரு கணவன் மனைவி வந்து பெண் மட்டும் என்னோடு அடுப்படியில் நின்று பேசிக்கொண்டிருந்தாள். எங்குட்டு இருந்து வாரீக, சாப்பிட்டீகளா என்று கேட்கிற சுகம் எனக்கு மறுபடி கிடைத்தது. சனிக்கிழமை மாவு அரைக்க ஆரம்பித்தேன். எல்லோரும் கடைசியில் அந்த எழுத்தைக் காட்டி விலையைக் குறைத்துக் கேட்பார்கள், எனக்கு எரிச்சல் வரும், விலை இன்னும் ஏறும். முப்பத்தைந்து ஆனது, நாற்பது ஆனது. மகளிடம் நல்ல விலைக்குக் காத்திருக்கிறேன் என்றேன்.

ஆனி மாதக் கடைசியில் கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் தனியாக வந்தார். என் கணவர் இருந்திருந்தால் அந்த வயதுதான். முன்கூட்டி ஒரு வார்த்தை விலை பேசவில்லை. மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார், பட்டறைக்காரர்கள் பொறித்த எண்ணைத் தடவிப் பார்த்தார், கடைசியில் என் எழுத்தில் வெளிச்சத்தை நிறுத்தி, யார் வெட்டியது என்று கேட்டார். இவரும் ஆரம்பித்துவிட்டார் என்று எண்ணி, நகை போன கதையைக் கொஞ்சம் காரமாகவே சொன்னேன். கேட்டுக்கொண்டார். பணியாரம் வைத்தேன், ஒன்றுவிடாமல் சாப்பிட்டார். பிறகு விலை கேட்டார்.

நல்ல மனுஷன். திரும்பவும் வர வேண்டும், பேரம் பேச வர வேண்டும் என்று இருந்தது. "அறுபது" என்றேன்.

"சரிங்க" என்றார்.

இவ்வளவு சொன்னால் யோசிக்க மாட்டீர்களா என்று கேட்டே விட்டேன். குறைத்துச் சொல்லியிருந்தால்தான் யோசித்திருப்பேன் என்றார். இந்த மாதிரி வண்டிகளில் போலி நிறைய உண்டாம். நெட்டில் என் விலை ஏறிக்கொண்டே போவதைப் பார்த்துத்தான், இந்த அம்மாவுக்குத் தன் பொருளின் அருமை தெரிந்திருக்கிறது என்று நம்பிக் கிளம்பி வந்தாராம். வாங்குகிறவர்களை விரட்ட நான் வைத்த விலை, சரியான ஆளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டது.

ஒரு சாக்கு மிச்சம் இருந்தது. "அந்த எழுத்துக்கு ஒண்ணும் குறைக்கச் சொல்லலையே?" என்றேன்.

"அது இருக்கட்டுங்க. அதுவும் வண்டியில செஞ்ச வேலைதானே" என்றார்.

அங்கேயே அழுதுவிட்டேன். அவர் டம்ளரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விலையைச் சொல்லி, எதிராளி சரி என்றபிறகு இல்லை என்பது எங்கள் ஊரில் கேவலம். ஆகவே கடைசியாக ஆடியைப் பிடித்துக்கொண்டேன். ஆடியில் வீட்டை விட்டு எதையும் அனுப்புவதில்லை, ஆவணி பிறக்கட்டும் என்றேன். அதற்கும் சரி என்றார். சாமி கும்பிடாதவளுக்கு அந்த ஒரு மாதம் ஆடி மேல் அப்படி ஒரு பக்தி. தினமும் ஷெட்டைத் திறந்து வண்டியைத் துடைத்தேன். ஓட்டத் தெரியாது என்றாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உள்ளே ஏறி, நான் வழக்கமாக உட்காரும் இருக்கையிலேயே உட்கார்ந்து, குன்றக்குடி போய்வருகிற நேரம் அப்படியே இருந்தேன். யாரும் பேசவில்லை, நான் மட்டும் உம் கொட்டிப் பார்த்தேன். பைத்தியக்காரத்தனம்தான்.

ஆவணி பிறந்த வாரம் லாரி வந்து ஏற்றிக்கொண்டு போயிற்று. பணம் கணக்கில் ஏறியது. கோயம்புத்தூர்க்காரர், எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்றார். மரியாதைக்குச் சொன்னார், நானும் மரியாதைக்குத் தலையாட்டினேன். மகள், யாருக்கும் கிடைக்காத விலை, சாமர்த்தியம் என்றாள். பக்கத்து வீட்டுக்காரர் கேட்டருகில் நின்று, இனி தெரு அமைதியாக இருக்கும் என்றார். வேறு என்ன பேசுவதென்று அவருக்குத் தெரியவில்லை போலும்.

விளம்பரத்தை எடுக்கச் சொல்லி நாத்தனார் மகனிடம் நான் இன்னும் சொல்லவில்லை. நேற்று மத்தியானம் போன் வந்தது. நாகர்கோவிலிலிருந்து பேசுவதாகவும், வண்டியைப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாய் ஆசை என்றும் ஒருவர் சொன்னார். நான் ஷெட் வாசலில்தான் நின்றிருந்தேன். சிமெண்டுத் தரையில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. வண்டி இருக்குங்களா என்று கேட்டார்.

"இருக்கு" என்றேன். "எப்ப வாரீக?"

ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னார். வந்து நிற்கும்போது என்ன சொல்வது என்று தெரியவில்லை. திட்டுவார், திட்டட்டும், அத்தனை தூரம் வந்தவர் சாப்பிடாமலா போய்விடுவார். பணியாரத்துக்கு அரிசியும் உளுந்தும் அளந்து ஊறப் போட்டிருக்கிறேன்.