இன்னும் ஒரு கை உப்பு

என்னை வேலையிலிருந்து நிறுத்தியபோது எனக்கு நாற்பத்து மூன்று வயது. மிளகும் சுக்கும் கப்பலேற்றும் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் டைப் அடிப்பது, கடிதப் போக்குவரத்து எல்லாம் என் பொறுப்பு. எங்கும் வியாபாரம் படுத்துவிட்டது, ஆள் குறைக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு என்றார் மானேஜர். மற்ற நாட்களில் எல்லோர் மேலும் எரிந்து விழுகிறவன் நான். அன்று பார்த்து "சரி ஸார்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அதன் பிறகு கோட்டைக்கு உள்ளேயும் வெளியேயும் நான் ஏறாத படி இல்லை. சர்க்கார் ஆபீசில் வயது கடந்துவிட்டது என்றார்கள். சாலைக் கடைத்தெருவில், கணக்கெழுதத் தங்கள் வீட்டு மாப்பிள்ளையே இருக்கிறார் என்றார்கள். ஒரு வக்கீல் என்னை டைப் அடிக்கச் சொல்லிப் பார்த்து, வேகத்தைப் பாராட்டி, பிறகு என் நரையைப் பார்த்து, "உங்களைப் போல பெரியவாளை வேலை ஏவ எனக்குக் கூச்சமா இருக்கும் கேட்டேளா" என்றார். விரட்டியவர்களை விட இந்தப் பாராட்டியவர் மேல்தான் எனக்கு அதிகக் கோபம் வந்தது.

என் மைத்துனர் திருநெல்வேலிப் பக்கம் நிலபுலன் உள்ளவர். விஷயம் தெரிந்து நேரிலேயே வந்துவிட்டார். கரமனையில் நாங்கள் இருந்த வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு எல்லோரும் தன்னோடு வந்து இருக்கலாம், மாசக் கடைசியில் தானே வந்து அழைத்துப் போகிறேன் என்றார். நல்ல மனிதர். அதுதான் கஷ்டம். கெட்டவராக இருந்தால் சண்டை போட்டுத் தப்பித்திருப்பேன். அவர் வீட்டுச் சோற்றைத் தின்று, அவர் வாங்கிய வெற்றிலையைப் போட்டு, அவர் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்துக் காலம் தள்ளுவதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அவர் வருவதற்குள் ஏதாவது ஒரு வேலை கிடைத்தாக வேண்டும். மாசமோ முடிந்துகொண்டிருந்தது.

பழவங்காடிப் பிள்ளையார் கோவிலுக்குப் பக்கத்தில் ஒரு காபி கிளப்பில் கணக்கெழுத ஆள் தேடுவதாகக் கேள்விப்பட்டுப் போனேன். முதலாளி எங்கள் பக்கத்து மனிதர்தான். ஆனால் பல காலமாக இந்த ஊரில் கடை நடத்திப் பாதிப் பேச்சு மலையாளமாகிவிட்டவர். கல்லாவை விட்டு நிமிரவில்லை.

"கணக்கெல்லாம் நானே பார்த்துப்பேன் ஸ்வாமி. சமையல்காரன் நேத்திக்கு நாகர்கோவில் பஸ்ஸிலே ஏறிப் போயிட்டான். அதுக்கு ஆளிருந்தா பறையும்."

படியிறங்கித் தெருவில் கால் வைத்தேன். மறுபடி ஏறினேன்.

"எனக்குச் சமைக்கத் தெரியும்" என்றேன்.

பொய்யில்லை. எங்கள் தெருவில் தனிக்குடித்தனம் நடத்தும் எந்த ஆண்பிள்ளைக்கும் சமையல் தெரியும். வெளியில் சொல்லிக்கொள்ள மாட்டார்கள், அவ்வளவுதான். மாசத்தில் மூன்று நாள் வீட்டுக்காரி தூரமாகி ஒதுங்கி உட்கார்ந்தால் அடுப்பை யார் பற்றவைப்பது? வேறு பெரிய பெண்பிள்ளை இல்லாத வீட்டில் புருஷன்தான். கல்யாணமான நாள் முதல் அந்த மூன்று நாட்களும் நான் சமைத்து, அவளுக்கும் எட்ட நின்று பரிமாறிவிட்டு, அரக்கப்பரக்க ஆபீசுக்கு ஓடியிருக்கிறேன். என் கைப்பக்குவத்தைப் பற்றி எனக்கு உள்ளூரக் கர்வமே உண்டு.

"நிஜமாவே அறியுமோ, இல்லே வெறுதே சொல்றேளா?"

"அடுப்பைக் காட்டும்" என்றேன்.

அன்றைய மத்தியானச் சாப்பாடு என் பரீட்சையாயிற்று. வீட்டில் நாலு பேருக்குக் கொதித்த சாம்பார் இங்கே பெரிய அண்டாவில் கொதித்தது. வீட்டுக் கையளவை மனசுக்குள் பெருக்கிப் பெருக்கிப் புளியும் பொடியும் உப்பும் போட்டேன். முதலாளி என் முதுகுக்குப் பின்னாலேயே நின்றார்.

"ருசி பார்த்தீரா?"

"எதுக்கு?"

"எதுக்கா? உப்பு பார்க்கத்தான்."

எனக்கு உடம்பெல்லாம் குறுகியது. எங்கள் வீட்டில் ஸ்வாமிக்குக் காட்டும் முன் எதையும் நாக்கில் வைக்கிற வழக்கம் கிடையாது. கண்ணாலும் மூக்காலும்தான் சமையல். நாக்கில் வைத்துப் பார்த்த கையால் கிளறி, அதை எப்படி நாலு பேர் இலையில் விடுவது? எச்சில் இல்லையா? இதைச் சொன்னேன்.

"இது கோவிலா ஓய்? ஹோட்டல்!"

"எதுவானாலும் மாட்டேன்."

இந்த வேலை போனால் மைத்துனர் வீடுதான் என்று நன்றாகத் தெரிந்தே சொன்னேன். என் கைமேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

பந்தி உட்கார்ந்தது. பெரும்பாலும் சர்க்கார் கச்சேரிக் குமாஸ்தாக்கள். நான் அடுக்களைக் கதவிடுக்கில் நின்று பார்த்தேன். முதல் கவளம் உள்ளே போனதும் ஒருவர் நிமிர்ந்தார். "உப்பு கொண்டு வாரும்." அடுத்த இலையிலும் அதே. எதிர்வரிசையிலும் அதே. பரிமாறுகிறவர் உப்புக் கிண்ணத்தோடு குறுக்கும் நெடுக்கும் ஓடினார். "எந்தா ஸ்வாமீ, சாலைக் கடையிலே உப்பு தீர்ந்து போச்சோ?" என்றது ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். ரசத்துக்கும் உப்புக் கேட்டார்கள். கூட்டுக்கும் கேட்டார்கள். என் காது மடல் சுட்டது.

முதலாளி கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவர் மெதுவாகத்தான் பேசினார். "மணமெல்லாம் கொள்ளாம், நன்னாத்தான் இருக்கு. நாளைக்கு ஒரு நாள் பார்ப்பேன். ருசி பார்க்காத ஆள் என் அடுக்களைக்கு வேண்டாம். மனசிலாச்சா?"

கரமனைக்கு நடந்தே திரும்பினேன். கரண்டி பிடிக்கப் போனேன் என்று சொன்னால் என் மனைவி அழுவாள் என்று பயந்தேன். அவள் அழவில்லை.

"என்ன பண்ணினேள்?"

"சாம்பார், ரசம், கூட்டு."

"உப்பு போறலைன்னாளா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் அதைச் சொல்லவே இல்லை.

"ஏன்னா, கோச்சுக்காம கேளுங்கோ. உங்க கைக்கு உப்பு எப்பவுமே போறாது. கல்யாணமான நாளா போறாது."

"நானும்தானே சாப்பிட்டேன்? எனக்குச் சரியாத்தானே இருந்தது?"

"உங்க நாக்கு அப்படி. உங்களுக்காகத்தான் நானும் குறைச்சுப் போடறேன். நானும் குழந்தைகளும் ஊறுகாயைத் தொட்டுண்டு சரிக்கட்டிப்போம். கல்யாண வீட்டுக்குப் போனா உப்பு ஜாஸ்தின்னு சமையல்காரனைத் திட்டிண்டே வருவேள். அவன் மேலே ஒரு தப்பும் கிடையாது."

"இத்தனை வருஷமா ஏன் சொல்லலே?" என்று கத்தினேன்.

"ஒதுங்கி உக்காந்திருக்கறவளுக்கு ஒரு மனுஷர் ஆபீசுக்குப் போற அவசரத்துலே சமைச்சுப் போடறார். அதுலே போய் குத்தம் சொல்வாளா?"

எனக்கு வெட்கமாக இருந்தது. கோபமும் இருந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

அவளே மறுபடி சொன்னாள். "நாளைக்கு நாக்கிலே வச்சுப் பாருங்கோ. பாவம்னா பாதியை நான் வாங்கிக்கறேன். பார்த்து, உங்களுக்குச் சரியா இருக்குன்னு பட்டா, அதோட விட்டுடாதேங்கோ. மேலே இன்னும் ஒரு கை அள்ளிப் போடுங்கோ."

மறுநாள் சாம்பார் கொதித்து அடங்கியது. கரண்டியிலிருந்து உள்ளங்கையில் கொஞ்சம் விட்டு, கண்ணை மூடிக்கொண்டு நாக்கில் வைத்தேன். உடம்பு கூசியது. உப்பு கச்சிதமாக இருந்தது. இதைவிடக் கச்சிதமாக நான் சாம்பார் சாப்பிட்டதில்லை.

"எங்ஙனே?" என்றார் முதலாளி.

சரியாக இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. கையைக் கழுவித் துடைத்து, உப்பு ஜாடிக்குள் விட்டேன். கல்லுப்பு விரலிடுக்கில் ஒட்டியது. என் நாக்கு வேண்டாம் என்கிறது. அவள் போடு என்றிருக்கிறாள். போட்டுவிட்டால் திரும்ப எடுக்க முடியாது, அத்தனை பேர் சாப்பாடும் பாழ். முதலாளி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கை நிறைய அள்ளிப் போட்டேன். ரசத்துக்கும் கூட்டுக்கும் அப்படியே செய்தேன். மறுபடி ருசி பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தண்ணீரை ஊற்றியிருப்பேன்.

பந்தியில் அதே முகங்கள். உப்புக் கிண்ணம் தயாராக ஓரத்தில் இருந்தது. சாதத்தைப் பிசைந்தார்கள். வாயில் வைத்தார்கள். யாரும் நிமிரவில்லை. கோடியில் ஒருவர் கையைத் தூக்கினார். நான் உப்புக் கிண்ணத்தைப் பார்த்தேன்.

"சாம்பார்" என்றார்.

முதலாளி கல்லாவுக்குப் போகிற வழியில் நின்று, "நாளைக்கு அவியல். காய் வாங்க வெள்ளெனவே வரணும்" என்றார்.

எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு நானும் ஒரு இலை போட்டு உட்கார்ந்தேன். அந்தச் சாம்பார் எனக்கு வாயில் வைக்க முடியாமல் கரித்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.