லூசிபர் வீட்டுக்கு வந்த நற்கருணை

பால்மிச்சால் ஊரில் அராசெலி கிசேனோவைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். பேய்க்கு வாழ்க்கைப்பட்டவள் என்பார்கள். கறுப்புக் கோழி அறுத்து ரத்தம் குடிப்பவள் என்பார்கள். அடப் பாவிகளா! ஞாயிற்றுக்கிழமை சூப்புக்குக்கூட அவளுக்குக் கோழி அறுக்க வராது. கடைக்காரனிடம் அறுத்து, தோலுரித்துத்தான் வாங்கி வருவாள். ஊர் வாய்க்கு அதெல்லாம் ஒரு பொருட்டா?

தையல்காரி. இந்தக் காப்பி மலையில் கோயிலில் முதன்முதலாக நற்கருணை அப்பம் பெற்றுப் புதுநன்மை வாங்கும் பெண் குழந்தைகளுக்கு வெள்ளைக் கவுன் தைக்க அவளை விட்டால் ஆளில்லை. லூசிபரைக் கும்பிடுகிறாள் என்று தெரிந்த மறுவாரமே அத்தனை கவுனும் பக்கத்து ஊருக்குப் போய்விட்டது. காப்பிப் பழம் பறிக்கிறவர்களின் காற்சட்டைக்கு ஒட்டுப் போட மட்டும் அவள் கை ஆகும். அதற்குத் தீட்டு கிடையாதாம்.

அவளுடைய அப்பா எரிபெர்த்தோ தோட்டத்து மேஸ்திரி. சாயங்காலம் ஆனால் வீட்டில் செபமாலை. நடுவில் எந்தப் பிள்ளை கண் அசந்தாலும் தரையில் ஒரு கைப்பிடி மக்காச்சோளத்தைக் கொட்டி அதன்மேல் முட்டி போட வைப்பான். அசந்து தூங்குவது எப்போதும் அராசெலிதான். சோளமணி முட்டியில் புதைந்துவிடும், நோண்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். அம்மா ரோஸ்மீரா தலை நிமிராமல் மணியை உருட்டிக்கொண்டிருப்பாள். எரிபெர்த்தோ செத்து, அடக்கப் பூசையில் கோயிலே முழந்தாளிட்டபோது, இவள் ஒருத்தி மட்டும் விளக்குக் கம்பம் மாதிரி நின்றாள். அன்றிலிருந்து யார் முன்னாலும் முட்டி போட்டதில்லை.

கடவுளை எதிர்த்து வானத்திலிருந்து விழுந்த தேவதூதன் லூசிபரை அவளுக்கு அறிமுகம் செய்துவைத்ததே பங்குச் சாமியார் அன்செல்மோதான். ஒரு ஞாயிறு பிரசங்கத்தில் மேடையைத் தட்டித் தட்டிக் கத்தினார்: “பணிய மாட்டேன்னு சொன்னான்! அந்தத் திமிர்லதான் விழுந்தான்!” எல்லோரும் சிலுவை போட்டுக்கொண்டார்கள். அராசெலி பக்கத்தில் இருந்த ஒஃபேலியாவின் காதில், “மாட்டேன்னு சொன்னதுல என்னடி தப்பு?” என்றாள். அடுத்த வீட்டுக்காரி ஒஃபேலியாவுக்குக் காது நீளம், நாக்கு அதைவிட நீளம். பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்கப் போய்விட்டது.

அந்தச் சேதி போய்ச் சேர்ந்த இன்னொரு இடம் எர்மெஸ் லோவைசா. பழைய மோட்டார் சைக்கிள் தரகன். வண்டி வியாபாரம் படுத்ததும் நகரத்துக்குப் போனான். திரும்பி வரும்போது கறுப்பு அங்கியும் கனத்த குரலுமாக குருவாகி வந்தான். லூசிபர் நிஜமாகவே இருக்கிற ஒரு பிரபு, மெழுகுவர்த்தி ஏற்றிக் கேட்டால் கொடுப்பார் என்பது அவன் கட்சி. அராசெலியையும் தேடி வந்து தன் கூட்டத்தில் சேர்த்துக்கொண்டான். அங்கே வந்தவர்களும் வேறென்ன கேட்டார்கள்? ஓடிப்போன புருஷன், லாட்டரி, மாமியாரின் மரணம்.

அந்தக் கூட்டத்துக்குப் பள்ளிக்கூட ஓவிய வாத்தியார் லிபார்தோவும் வருவார். அவர் கட்சி வேறு. லூசிபர் என்று ஆளே கிடையாது. மனுஷன் மண்டைக்குள் இருக்கிற வெளிச்சத்துக்கு லூசிபர் என்ற விடிவெள்ளியின் பேரை வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான் என்பார். “மேல ஒரு முதலாளி போதாதுன்னு கீழயும் ஒருத்தரைத் தேடுறீங்களாய்யா?” என்று எர்மெஸின் வாயைக் கிளறுவார். எர்மெஸ் பல்லைக் கடிப்பான். இரண்டு பேரும் ஒத்துப்போவது ஒன்றில்தான்: நகரத்துக் கல்லறைகளில் தலைகீழ்ச் சிலுவை கிறுக்குகிற பையன்களைத் திட்டுவதில். “அவனுங்க சாத்தான் கோஷ்டி. நாங்க வேற!” என்பார்கள். ஊர்க்காரர்களுக்கு எல்லாம் ஒரே சாக்கடை.

அராசெலிக்கு இந்தப் பஞ்சாயத்து எதுவும் வேண்டாம். யாரோ ஒருத்தர் மாட்டேன் என்று சொன்னாரே, அது போதும் அவளுக்கு. வாடகைக்குக்கூட ஊரில் இடம் கிடைக்காமல் அலைந்த கூட்டத்துக்குத் தன் வீட்டின் முன்னறையை விட்டுக்கொடுத்தாள். அறைக்குக் கறுப்புச் சாயம் அடித்தார்கள். சிலை வந்தது. செய்த கொத்தனிடம் இருந்தது கல்லறையில் வைக்கிற, இறக்கை முளைத்த சம்மனசு அச்சு ஒன்றுதான். அதிலேயே சிமெண்டை ஊற்றி, கையில் ஒரு தீப்பந்தத்தைச் செருகிவிட்டான். விடிவெள்ளி எழும் திசையைப் பார்க்க வேண்டும் என்று எர்மெஸ் அதை வாசலுக்கு நேராக, தரையில் கம்பி இறக்கிக் காங்கிரீட் போட்டு நட்டான். வீட்டுக்கு அந்த ஒரு வாசல்தான். பின்பக்கம் மலைச்சரிவு.

சிலை நட்ட அன்றே, “முட்டி போடுங்க” என்றான்.

அராசெலி சிரித்துவிட்டாள். “குருவே, முட்டி போட மாட்டேன்னுதானே இவரு வானத்துலேர்ந்து விழுந்தாரு? இவரு முன்னாலயே போடச் சொல்றீங்களே!”

“அது கடவுள்கிட்ட சொன்னது. நம்மகிட்ட இல்ல.”

எல்லோரும் பொத்துப் பொத்தென்று விழுந்தார்கள். லிபார்தோ தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனவர் அந்தக் கூட்டத்துக்குத் திரும்பவில்லை. அராசெலி நின்றாள். வீடு அவளுடையது, எர்மெஸால் என்ன செய்ய முடியும்?

அப்புறம்தான் அம்மா ரோஸ்மீரா விழுந்தாள். இடுப்பெலும்பு போய், நெஞ்சில் நீர் கட்டி, பின்னறையில் படுக்கை. அசைத்தாலே உயிர் போய்விடும் என்று சுகாதார நிலையத்து நர்ஸ் சொல்லிவிட்டாள். கிழவி கேட்டது ஒன்றே ஒன்று. “சாமியாரைக் கூட்டிட்டு வாடி. நன்மை வாங்கி, எண்ணெய் பூசிக்கிட்டுப் போறேன்.”

அராசெலி பங்குக் கோயிலுக்கு ஓடினாள். ஃபாதர் அன்செல்மோ காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். “சாகக் கெடக்கிற உங்கம்மாவுக்கு எண்ணெய் தொட்டு அவஸ்தைப் பூசுதல் கொடுக்கிறது என் கடமைம்மா. ஆனா நற்கருணையைத் தூக்கிக்கிட்டு அந்தச் சனியன் முன்னால என்னால நடக்க முடியாது. அதை எடுத்துட்டுக் கூப்பிடு, வரேன்.”

எர்மெஸிடம் போனாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான். “பிரபுவுக்கும் கிழக்குக்கும் நடுவுல சிலுவை வரக்கூடாது. சிலையை அசைச்சா அசைச்சவங்க கை விளங்காமப் போயிடும்.”

“நீயும் ஃபாதரும் ஒண்ணா உக்காந்து பேசி வெச்சுக்கிட்டீங்களா?” என்றாள் அராசெலி. “ரெண்டு பேரும் ஒரே பாட்டைப் பாடுறீங்க!”

லிபார்தோவாவது உதவுவார் என்று பள்ளிக்கூடத்துக்குப் போனாள். அவருக்குச் சிலையைப் பற்றிப் பயமில்லை. “சிமெண்டுதானே. ஆனா பாதிரியாருக்கு வழி பண்ண என் கை நீளாது. எண்ணெய் தடவினா சொர்க்கமா? அந்த அடிமைப் புத்தி வேணாம்னுதானே இவ்வளவு பேசறோம்?”

“புத்தி உங்களோடதுதான் சார். சாகப்போறது எங்கம்மா.”

அவர் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆளாளுக்குக் கொள்கை! ஒரு கிழவியின் கடைசி ஆசையைவிடப் பெரிய கொள்கை! இதைச் சொல்லும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

வீட்டுக்கு வந்தபோது ஒஃபேலியா வேலியோரம் இடுப்பில் கை வைத்து நின்றாள். “சுத்தியலை எடுத்துச் சிலையை நொறுக்கிடேன்டி. தொல்லை விட்டுது.”

“அதைக் கும்பிடறவங்க இருக்காங்களே ஒஃபேலியா. அடுத்தவங்க நம்பிக்கையை அடிச்சு வழிக்குக் கொண்டுவர்றது எங்கப்பன் வேலை. எனக்கு வராது.”

அராசெலி உள்ளே போய்ப் பின்னறைச் சுவரைப் பார்த்தாள். மூங்கில் சட்டத்தில் மண் அப்பிய பழைய சுவர். காப்பிக் காட்டில் களை வெட்டுகிற நீளக் கத்தியை எடுத்து ஓங்கி ஒரு வெட்டு வெட்டினாள். மண் பொலபொலவென்று கொட்டியது. கட்டிலில் இருந்து ரோஸ்மீரா கத்தினாள்: “பைத்தியம் புடிச்சிருச்சா ஒனக்கு? கூரை விழுந்து சாகவா?”

“வாசல் போடுறேம்மா. மூஞ்சில துணியைப் போட்டுக்க.”

ஒஃபேலியா வேலியைத் தாண்டி வந்தாள், கையில் கடப்பாரை. “ஊருக்கு நான் போய்ச் சொல்லணும்ல, முழுசாப் பாத்துடறேன்” என்று முனகிக்கொண்டே மூங்கிலை நெம்பினாள்.

மறுநாள் காலை ஃபாதர் அன்செல்மோ சரிவில் வழுக்கி, வாழை மட்டையைப் பிடித்து, அங்கியெல்லாம் சேறாக அந்த ஓட்டை வழியாகக் குனிந்து உள்ளே வந்தார். நற்கருணை வருவதை அறிவிக்கிற கைமணியை ஒஃபேலியா அடித்தாள். பின்னாலேயே வேடிக்கை பார்க்க வந்த பெண்கள் சேற்றிலேயே முழந்தாளிட்டார்கள். முன்னறைக் கதவிடுக்கில் எர்மெஸின் கறுப்பு அங்கி தெரிந்தது. அவனுக்கும் பார்க்க வேண்டுமே, யார் ஜெயிக்கிறார்கள் என்று.

அராசெலி கட்டில் தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தாள்.

“நற்கருணை நாதர் வந்திருக்கார். முட்டி போடும்மா” என்றார் ஃபாதர்.

“நான் இங்கேயே நின்னுக்கறேன் ஃபாதர். நீங்க அம்மாவைப் பாருங்க.”

“இந்த வீட்டுல எதைக் கும்பிடறீங்கன்னு தெரிஞ்சேதான் வந்திருக்கேன். ஆண்டவரை அவமானப்படுத்தவா கூப்பிட்டே? முட்டி போடலைன்னா இப்படியே திரும்பிடுவேன்.”

வெளியே ஒருத்தி, “திமிரைப் பாரு, பெத்தவ சாகக் கெடக்கா” என்றாள். அராசெலி அம்மாவைப் பார்த்தாள். கிழவியின் நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது. கண் ஃபாதரின் கையில் இருந்த நற்கருணைச் சிமிழின் மேலேயே இருந்தது. இத்தனை வருஷத்து வைராக்கியம் என்ன பெரிய வைராக்கியம் என்று அந்த நொடியில் அவளுக்குத் தோன்றிவிட்டது. பாவாடையைக் கொஞ்சம் தூக்கினாள். ஒரு முட்டி தரையில் பட்டது.

“எழுந்திரிடீ!”

அந்த நெஞ்சுக்குள் அவ்வளவு சத்தம் எங்கே இருந்ததோ. ஒஃபேலியா கையிலிருந்த மணியை நழுவவிட்டாள்.

“எழுந்திரின்னு சொல்றேன்ல!” ரோஸ்மீரா கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு தலையைத் தூக்கினாள். “ஃபாதர், சின்னப் புள்ளையா இவளை முட்டி போட வெச்சப்பெல்லாம் நான் மணி உருட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். வாயைத் தொறக்கல. உங்க காதுல பாவத்தைச் சொல்ற பாவசங்கீர்த்தனத்துல ஒரு தடவைகூட அதைச் சொல்லல; இப்ப சொல்றேன், கேட்டுக்குங்க. அவ நிப்பா. பூசறதுன்னா பூசுங்க. இல்லைன்னா வந்த ஓட்டை வழியாவே போயிடுங்க.”

ஃபாதர் அன்செல்மோ தோளில் இருந்த ஊதாப் பட்டையைச் சரிசெய்து, எண்ணெய்ச் சிமிழைத் திறந்தார். அராசெலி எழுந்து நின்று, அம்மாவின் நெற்றியில் விழுந்திருந்த முடியை அவருக்காக ஒதுக்கிப் பிடித்துக்கொண்டாள்.