சிவப்பில் எழுதிய பெயர்

மகள் ஹொங்கொங் பொடியனைக் கட்டப் போகிறாள் என்று தெரிந்ததும் நாங்கள் குடியிருக்கும் கிங்ஸ்பரியில் பாதித் தமிழ்ச் சனம் என்னைத் துக்கம் விசாரிப்பதுபோல் பார்த்தது. நான் கவலைப்படவில்லை. சீன எழுத்துப் படிக்கத் தொடங்கினேன். முதல் கலியாணக் கார்ட்டைத் தட்டத்தில் வைத்துச் சம்பந்தி வீட்டுக்குக் கொண்டுபோவது எங்கள் வழக்கம். அதில் சம்பந்தியம்மாவின் பெயரை அவருடைய எழுத்திலேயே என் கையால் எழுதிக் கொடுக்க ஆசைப்பட்டேன். அவர் என் மகளைத் தன் பிள்ளையாக ஏற்க வேண்டுமே.

“உமக்கேன் உந்த வில்லங்கம்? இங்கிலீசில எழுதினாப் போதாதே?” என்றார் கணவர்.

“நீங்கள் சும்மா இருங்கோ. எனக்கு ஏலும்.”

ஏலும்தான். பழைய முறை எழுத்துகளையே படித்தேன். ஹொங்கொங்கில் அவைதான் புழக்கம். கோடுகள் கூடுதல், ஆனால் பொருள் கண்ணுக்குத் தெரியும். அன்பு என்ற எழுத்தின் நடுவில் இதயம் இருக்கிறது. சீனாவில் இப்போது எழுதும் சுருக்கிய எழுத்தில் அதை எடுத்துவிட்டார்கள். பெண் என்ற எழுத்தும் பிள்ளை என்ற எழுத்தும் அருகருகே இருந்தால் ‘ஹோ’, அதாவது நல்லது. கேள்வி கேட்பதுபோல் குரலை மேலே தூக்கிச் சொல்ல வேண்டும். ல, ள, ழ மூன்றையும் பிரித்துச் சொல்லும் நாக்குக்கு அவர்கள் பேச்சின் ஆறு சுருதி பெரிய விஷயமா? பஸ்ஸில் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். பக்கத்தில் இருந்தவர் எழும்பி வேறு சீட்டுக்குப் போனார்.

கார்ட்டின் நான்கு மூலையிலும் மஞ்சள் பூசி, பெயரைக் குங்குமச் சிவப்பு மையில் எழுதினேன். எங்களுக்கும் சிவப்பு மங்கலம், அவர்களுக்கும் கலியாணம் என்றால் சிவப்பு. ஒரு கோடு பிசகவில்லை.

மகளோடு சம்பந்தி வீட்டுக்குப் போனோம். சம்பந்தியம்மா நான் நீட்டிய தட்டத்தைப் பார்த்தார். கார்ட்டை எடுக்க வந்த அவர் கை பாதியில் நின்றது. மருமகனாகப் போகிறவர்தான் மெல்ல ஆங்கிலத்தில் சொன்னார்: “அன்ரி, உயிரோடு இருக்கிறவர் பெயரைச் சிவப்பில் எழுத மாட்டோம். அது சாவைக் கூப்பிடுவது மாதிரி.”

மகளின் கண் கலங்கியது. கணவர் என்னைப் பார்த்த பார்வையைச் சொல்ல வேண்டியதில்லை.

மன்னிப்புக் கேட்டுக் கார்ட்டைத் திருப்பி எடுத்திருக்கலாம். ஆனால் நீட்டிய கார்ட்டைத் திருப்பி எடுப்பது எங்களுக்கு அதைவிடக் கெட்ட சகுனம். கைப்பையிலிருந்து அதே பேனையை எடுத்தேன். அவர் பெயருக்குப் பக்கத்தில் என் பெயரைத் தமிழில், அதே சிவப்பில் எழுதினேன்.

“எங்கள் வீட்டில் இது மங்கலம்,” என்று ஆங்கிலத்தில் சொன்னேன். “உங்கள் வீட்டில் ஆபத்து என்றால் அது எனக்கும் சேர்த்து வரட்டும்.”

அவர் இரண்டு பெயர்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு இரண்டு கைகளாலும் கார்ட்டை எடுத்தார். என் மகளின் கையைப் பிடித்து இழுத்துத் தன் அருகில் இருத்திக்கொண்டார்.

“ஹோ,” என்றார், குரலை மேலே தூக்கி.

அதுவரை விறைப்பாக நின்ற நான் அழுதுவிட்டேன்.