சைலன்சர் மாற்றியும் போகாத புகை

கண் எரியும். தொண்டை கரகரக்கும். நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டு, வேர்த்து விறுவிறுத்து ஓட்டிக்கொண்டு போய்ச் சிதம்பரத்தில் இறங்கினால் சட்டை முழுக்கப் புகை நாற்றம்...

என் முதல் கார் அந்த லட்சணத்தில்தான் இருந்தது. இரண்டு மூன்று பேரிடம் கைமாறி என்னிடம் வந்த வண்டி. கடலூரின் பழைய நகரமான ஓ.டி.யில், கடலுக்குப் பக்கத்திலேயே எங்கள் வீடு. உப்புக்காற்றில் சைலன்சர் இத்துப்போய்விட்டது. நான் புதுச்சத்திரம் தாண்டும்போதே சிதம்பரத்தில் சத்தம் கேட்கிறது என்று என் மனைவி ஸ்டெல்லா கிண்டல் செய்வாள்.

ஸ்டெல்லா அப்போது பிரசவத்துக்காகச் சிதம்பரத்தில் அவள் அப்பா வீட்டில் இருந்தாள். பெண் குழந்தை. மாமியார் இறந்து பல வருடம் ஆகியிருந்தது. மாமா தனியாளாக இருந்த வீடு அது. மூன்றாம் மாதம் அழைத்து வந்து எங்கள் பங்குக் கோயிலில் ஞானஸ்நானம் கொடுப்பதாகப் பேச்சு.

ஞாயிறு பூசை முடிந்ததும் கிளம்பிவிடுவேன். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறும் என்று என் அம்மா வாராவாரம் பால்சுறாக் கருவாடு கட்டிக் கொடுப்பார். அது டிக்கியில் போகும்.

ஒரு ஞாயிறு மாமா வண்டிக்குள் தலையை விட்டார். மூக்கைச் சுளித்தார்.

"இந்தப் பொகைல பச்சப் புள்ளைய எப்புடி மாப்ள ஏத்துறது? சரி பண்ணிகினு வாங்க. அப்பறம் அழைச்சிகினு போலாம்."

அவர் சொன்னது நியாயம்தான். வாடகைக் கார் வைத்திருக்கலாம். ஆனால் என் மகள் முதல்முதலாக என் வண்டியில்தான் எங்கள் வீட்டுக்கு வர வேண்டும் என்று எனக்குக் கொள்ளை ஆசை. அதை விட மனசில்லை.

புது சைலன்சர் செட் வாங்குகிற வசதி இல்லை. மஞ்சக்குப்பம் மெக்கானிக் சேகர், ஓட்டை விழுந்த பைப்பை முதலில் வெல்டிங் வைத்தார். பிறகு பாண்டிச்சேரியில் பழைய சாமான் கடையில் ஒரு பெரிய வண்டியின் சைலன்சரைத் தேடிப்பிடித்து, வெட்டி ஒட்டி மாட்டினார்.

"ஒங்க வண்டிக்கு இது ஜாஸ்திதான் சார். ஆனா நிக்கும்."

சத்தம் சுத்தமாக அடங்கிவிட்டது. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நானும் சேகரும் சில்வர் பீச் வரை போய் வந்தோம். துளிப் புகை இல்லை. எனக்கு ஒரே சந்தோஷம்.

ஞாயிறு கிளம்பினேன். ஆலப்பாக்கம் வருவதற்குள் கண் எரிந்தது.

மறுபடி சேகர். பைப் இணைப்பில் கசிவை அடைக்கும் கேஸ்கட்டை மாற்றினார். இந்த முறை திருவந்திபுரம் வரை ஓட்டிப் பார்த்தோம். ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை... புகை!

இதில் இன்னொரு கூத்து. சிதம்பரம் போகும்போது புகை வரும், திரும்பி வரும்போது வராது. அதே வண்டி, அதே ரோடு, அதே ஆள். சேகர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஒங்களுக்கு மட்டும் எப்புடி சார் அடிக்குது?"

எனக்கே தெரியவில்லை. மூக்கு டாக்டரைப் பார்க்கலாமா என்றுகூட யோசித்தேன். மூன்றாம் மாதமும் முடியப் போகிறது. குழந்தை எப்போது வரும் என்று அம்மா தினமும் கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிறு நான் போய் நின்றபோது ஸ்டெல்லா குழந்தையோடு வாசலில் இருந்தாள். வண்டியின் பின்பக்கம் பார்த்தாள்.

"ஏங்க, டிக்கிய ஏன் கயிறு போட்டுக் கட்டிருக்கீங்க? தொறந்தே கெடக்குது?"

"கருவாட்டு நாத்தம் வண்டிக்குள்ள நிக்கக் கூடாதுன்னு வாராவாரம் அப்புடித்தான் கட்டிகினு வர்றேன். கொஞ்சம் சந்து உட்டா வெளிய போயிடும்ல."

"நாத்தம் வெளிய போற சந்துல பொக உள்ள வராதா?"

நான் கயிற்றை அவிழ்த்தேன். கருவாட்டை இறக்கிவிட்டு, டிக்கியைச் சாத்திக்கொண்டுதான் எப்போதும் திரும்புவேன். சேகரோடு ஓட்டிப் பார்த்தபோது கருவாடும் இல்லை, கயிறும் இல்லை. இருந்த புத்தியெல்லாம் சைலன்சருக்கே செலவாகிப்போனது.

மறுவாரம் அம்மாவிடம் கருவாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, டிக்கியை அடித்துச் சாத்திக்கொண்டு போனேன். வழி நெடுக நல்ல காற்று. மாமாவைப் பின்சீட்டில் உட்காரவைத்து, கண்ணாடியை ஏற்றி, கோயிலைச் சுற்றி நாலு வீதியும் ஓட்டினேன். பின்பார்வைக் கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன். மூக்கைச் சுளிக்கவே இல்லை.

வீட்டு வாசலில் நிறுத்தினேன். மாமா இறங்கவில்லை.

"லேசா அடிக்குது மாப்ள."

"எங்க மாமா? எனக்கு ஒண்ணும் தெரியலியே."

"லேசாதான். அடுத்த வாரம் பாத்துக்கலாம்."

மிதியடியைத் தூக்கினேன், சீட்டுக்கு அடியில் மூக்கை நுழைத்தேன். ஒன்றுமே இல்லை. ஸ்டெல்லாவும் ஏறி உட்கார்ந்து பார்த்தாள். இறங்கினாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

"ஆமாங்க. அடுத்த வாரமே வாங்க" என்றாள்.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அப்பாவும் மகளும் சேர்ந்துகொண்டு என்னைப் பைத்தியம் ஆக்குகிறார்களா? கடலூர் வரும்வரை தனியாகப் புலம்பிக்கொண்டே வந்தேன்.

அந்த வாரம் வண்டியில் ஒரு போல்ட்டைக்கூட நான் தொடவில்லை. ஞாயிறு போனேன். மாமாவே குழந்தையைத் தூக்கி வந்து, பின்சீட்டில் உட்கார்ந்து, கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்தார். பிறகு ஸ்டெல்லாவிடம் கொடுத்துவிட்டு இறங்கினார்.

"இப்ப அடிக்கல மாப்ள. பாத்துப் போங்க."

இப்போது வைத்திருக்கும் காரில் இன்ஜின் ஓடுகிறதா இல்லையா என்றே தெரிவதில்லை. ஏசியைப் போட்டுவிட்டால் வெளியே எது புகைந்தாலும் உள்ளே வராது. மகள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பின்சீட்டில் தூங்கிவிடுகிறாள். மாமா இல்லை. அந்த வீட்டில் வேறு யாரோ இருக்கிறார்கள். அன்றைக்குச் சிதம்பரம் வரை போய்ச்சேருவதே பெரிய விஷயம். இப்போது அந்த வீதியைக் கடந்து போவதுகூடத் தெரிவதில்லை...

போன மாதம் பி.முட்லூர் தாண்டும்போது, இத்தனை வருடமாக எனக்குப் பிடிபடாததை ஸ்டெல்லாவிடம் கேட்டேன்.

"அன்னிக்கு நெஜமாவே பொக அடிச்சிதா?"

அவள் ஏசியைக் குறைத்தாள்.

"அப்பாவுக்கு அடிச்சிதுங்க. உடுங்க."